லண்டன் நேரத்தில் தொலைந்த படகு

1

இந்தக் கதை என் அலட்சியத்திலிருந்து பிறந்தது. ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் நடத்தும் அபுபக்கரின் மகள் ஆஃப்ரீன், தான் உருவாக்கிய இணையப் பக்கத்தைக் காட்டினாள். நீளமான ஓர் எண்ணைப் போட்டால் தேதியும் நேரமும் வரும். அவ்வளவுதான். இதில் என்ன கதை இருக்கிறது என்று நினைத்தேன்.

(கணினிகள் காலத்தை 1970ஆம் ஆண்டு பிறந்த கணத்திலிருந்து கடந்த விநாடிகளாக எண்ணிவைக்கின்றன. இதற்கு மேல் எனக்கும் தெரியாது.)

2

'கடல் அன்று சாம்பல் நிறத்தில்...' வேண்டாம். எனக்குக் கடலை வர்ணிக்க வராது.

செல்வராணியிடமிருந்து தொடங்குகிறேன். அவள் கணவன் ராக்கன் போன விசைப்படகு முந்தின நாளிலிருந்து காணவில்லை. படகிலிருந்த கருவி கடைசியாக அனுப்பிய இடமும் அந்த நேரத்துக்கான நீளமான ஓர் எண்ணும் உரிமையாளர் நாகராசுவின் போனில் இருந்தன. அவர் ஏதோ ஒரு தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தார். முந்தின நாள் விடிகாலை நான்கு மணி என்றது. அப்போதிருந்து நீரோட்டம் எவ்வளவு தூரம் இழுத்திருக்கும் என்று கணக்கிட்டு, வெகு தெற்கே தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைக்கவில்லை.

3

செல்வராணி அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு ஐஸ் பிளான்ட்டுக்கு வந்தாள்.

"நேத்து விடியக்காலம் நாலு மணிங்குறாக. ஒன் கம்ப்யூட்டர்ல இதப் போட்டுப் பாரு பாப்பா."

ஆஃப்ரீன் போட்டாள். முகம் மாறியது.

"அக்கா, அவுங்க பாத்தது லண்டன் நேரம். நம்ம நேரத்துக்குக் காலையில ஒம்பதரை."

"அப்படின்னா?"

"ஒம்பதரைக்குப் படகு அங்கதான் நின்னுருக்கு. அம்புட்டுத் தூரம் போயிருக்காது."

சொல்லிவிட்டு அவளுக்கே பயம் வந்தது. தன் பக்கம் தப்பாக இருந்தால்? அந்த நொடியின் எண்ணை எடுத்துப் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக இருந்தது. இருவரும் நாகராசுவிடம் ஓடினார்கள்.

(முதல் பிரதியில் நாகராசு அவளை நம்ப மறுத்தார். வில்லன் இல்லாமல் எனக்குக் கை ஓடாது. ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை, அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

நாகராசு வயர்லெஸ்ஸை எடுத்துக் கத்தினார்: "நேரத்தத் தப்பாப் பாத்துட்டேன்! எல்லாரும் வடக்க திரும்புங்கப்பா!"

4

'மாலைவரை எந்தத் தகவலும்...'

இல்லை. சோகமாக முடித்தால் இலக்கியம்போல் இருக்கும் என்ற சபலம்தான் அது. நடந்ததைச் சொல்கிறேன். மதியம் வயர்லெஸ் இரைந்தது: "எஞ்சின்தான் போச்சு, ஆளுக எல்லாரும் நல்லாருக்காக! கட்டி இழுத்துட்டு வாரோம்!"

துறைமுகமே கத்தியது. அபுபக்கர் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கட்டிப்பிடித்து, "எம் மக செஞ்சதுங்க, எம் மக!" என்றார். ஆஃப்ரீன் சிரித்துக்கொண்டே அழுதாள்.

ராக்கன் இறங்கினான். செல்வராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஏதோ சொன்னாள். ஆரவாரத்தில் எனக்குக் கேட்கவில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் என் குரலாகவே இருந்தன. நீங்கள் யாருக்காகவாவது கரையில் காத்து நின்றிருந்தால் அந்த வரி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கீழே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

செல்வராணி சொன்னாள்: "