கமூஸின் இருமல்

ஜெர்பா தீவின் யூதர் தெருவில் யார் இறந்தாலும், நினைவு விருந்தில் எழுந்து பேசுகிறவர் சக்ரூன்தான். உயிரோடிருந்தபோது நாய்கூடச் சீந்தாத மனிதரும் அவர் பேச்சில் பாதி ஞானியாகிவிடுவார். இன்று விருந்து அவருடைய அக்கா வீட்டிலேயே. வெள்ளி நகை செய்துவந்த அத்தான் கமூஸ் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது.

கோதுமைக் குருணையில் செய்த கூஸ்கூஸ் தட்டுகளும் அத்திச் சாராயமும் மேசைக்கு வந்தாயிற்று. அக்கா க்மூனா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். சக்ரூன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"எங்க அத்தான் வாழ்நாள்ல ஒரு பொய் சொன்னதில்ல."

"வெள்ளிக்கிழமை தவறாம சொன்னாரு," என்றாள் க்மூனா. "நான் வெச்ச மீன் பிரமாதம்னு."

சக்ரூன் காதில் விழாதவர்போலத் தொடர்ந்தார். "விடியறதுக்குள்ள ஜெபக்கூடத்துக்கு முதல் ஆளாப் போயிடுவாரு."

"ஃபேனுக்குக் கீழ இடம் பிடிக்க."

"ஆமா, பிடிச்சுத் தூங்கிடுவாரு," என்றார் ஜெபக்கூடத்துக் குருவான ரபி, வாயில் கவளத்தோடு.

சக்ரூனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, போனவங்களப் பத்தி நல்லதாத்தான் பேசணும்."

"தாராளமாப் பேசு தம்பி. என் புருஷனப் பத்திப் பேசு. நீ சொல்ற ஆளோட நான் குடித்தனமே பண்ணலியே."

"அப்ப நீயே சொல்லு," என்று அவர் சடாரென்று உட்கார்ந்தார். அவள் வெட்கப்பட்டு உள்ளே போய்விடுவாள் என்பது அவர் கணக்கு. அவளோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு வருஷம் பாவமன்னிப்பு நாளுக்கு முந்தி, அறுக்கறதுக்குச் சேவல் வாங்கிட்டு வந்தாரு. நம்ம பாவம் அதுக்குப் போகட்டும்னு தலையச் சுத்திக் காட்டும்போது அது இவரப் பாத்துதாம், இவரு அதப் பாத்தாராம். அவ்வளவுதான், மனசு வரல. சந்தைல வேற சேவல் வாங்கி அறுக்கக் குடுத்துட்டு, இதக் கடைல பட்டறை மேசைக்குக் கீழ ஒளிச்சு வெச்சுட்டாரு. கேலி பண்ணுவீங்கன்னு வெளிய சொல்லல. அது கூவும்போதெல்லாம் வாயப் பொத்திக்கிட்டு, 'மன்னிக்கணும், இருமல்'ம்பாரு."



மசாலாக்கடை ஹ்வாத்து மெல்ல எழுந்தார். "அந்த இருமலா? அதுக்கு நான் சோம்புக் கஷாயம் போட்டு மாசக்கணக்கா அனுப்பினேனே."

"சேவல்தான் குடிச்சுது."

"அவரு நெஞ்சு குணமாகணும்னு வாராவாரம் ஜெபம் பண்ணேன்," என்றார் ரபி.

"பலிச்சுதே ரபி. நோய்நொடி இல்லாம ரொம்ப வருஷம் இருந்துச்சு."

மேசை குலுங்கச் சிரித்தார்கள். சக்ரூன் சிரிக்கக் கூடாது என்றுதான் பல்லைக் கடித்தார். ஆனால் நினைவு வந்து தொலைத்தது. ஒரு மதியம் கடையில் அத்தான் வாய் நிறைய ரொட்டியை மென்றுகொண்டிருந்தபோதே அந்த இருமல் வந்தது. ஏதோ கெட்ட வியாதி, மனிதர் தேறமாட்டார் என்று முடிவுகட்டி, அன்றைக்கே மனசுக்குள் இரங்கலுரை தயாரித்துவிட்டார். இன்று பேசியது அந்தப் பழைய உரையைத்தான். அதை நினைத்ததும் அவருக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கமூஸின் மகன் பிஷி இறந்தவருக்கான ஜெபத்தைச் சொல்ல எழுந்தான். முதல் வார்த்தையிலேயே சிரிப்பு பீறிட்டது. நிறுத்தி மறுபடி தொடங்கினான், மறுபடியும் சிரித்தான்.

"சிரிச்சுக்கிட்டே சொல்லுடா. அவருக்குப் புரியும்," என்றாள் க்மூனா. அவன் சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தான். அவளும்தான்.

அடுத்த வாரம் மெஸ்ஸீகா என்ற விதவை சக்ரூனின் கதவைத் தட்டினாள்.

"அடுத்த மாசம் எங்க வீட்டுக்காரர் நினைவு நாள் வருதுண்ணே."

"வந்து பேசிட்டாப் போச்சு."

"நீங்க சாப்பிட வாங்க. பேசறதுக்கு உங்க அக்காவ அனுப்புங்க."

சக்ரூனுக்குச் சுருக்கென்றது. "அக்காவுக்கு அவரோட என்னம்மா பழக்கம்?"

"பக்கத்து வீடுதானே, சுவர் வழியா எல்லாம் கேட்டிருக்காங்க. போன வருஷம் நீங்க எந்திரிச்சு, அவரு யாரையும் கடிஞ்சு ஒரு வார்த்தை சொன்னதில்லன்னீங்களே, யாரோ வேத்தாளுக்குச் சமைச்சுப் போட்டுட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."