எழுப்பாமல் விட்டது

என் வீட்டுக்காரர் லாரியை ஷெட்டில் விட்டுவிட்டார். பயணத்தை மட்டும் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்த நாள் முதல் படுக்கவில்லை. சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தே இருக்கிறார். கண் செருகினால் வலது கால் தரையை அழுத்துகிறது, பிரேக் மிதிப்பதுபோல. உடனே திடுக்கிட்டு, பக்கத்தில் தூங்கும் என்னையும் உலுக்குகிறார். நான் முனகினால்தான் விடுகிறார்.

"உயிரோடதான் இருக்கேன், ஆளை விடுங்க" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தூரப் பயணத்துக்கு லாரியில் இரண்டு டிரைவர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுத்துக்கொள்வார். முறை வந்ததும் பலகையைத் தட்டி எழுப்ப வேண்டும். இவருக்கு ஜோடி குண்டண்ணன். கடைசியாகப் போன தடவை அண்ணன் முறை வந்தும் இவர் தட்டவில்லை. பாவம், அசந்து தூங்குகிறார் என்று பாட்டை நிறுத்தி, பள்ளம் மேடு பார்த்து, ஹாரன்கூட அடிக்காமல் தானே ஓட்டியிருக்கிறார். பெட்ரோல் பங்கில் நிறுத்தி, கையில் டீயோடு எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பு. உயிர் எந்த இடத்தில் போனது என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"தட்டியிருந்தா முழிச்சிருப்பாருடி. இப்பவும் பின்னாடிதான் படுத்திருக்காரு. திரும்பினா சுவரா ஆயிடறாரு."

இவர் இப்படிச் சொன்னதிலிருந்து எனக்கும் அந்தச் சுவர்ப் பக்கம் போகவே பயமாக இருந்தது. இதற்குள் முதலாளி அடுத்த டிரிப்புக்கு நாள் குறித்துவிட்டார். இந்தக் கண்ணோடு ஸ்டியரிங் பிடித்தால் அடுத்த சாவு யாருடையது என்று சொல்ல ஜோசியரா வேண்டும்?

அன்று மத்தியானம் குண்டண்ணனின் மனைவி வந்தார். அண்ணன் பேரை வைத்து குண்டண்ணி என்று கேலியாகக் கூப்பிடுவோம், ஆள் ஒட்டடைக்குச்சி. அவரைப் பார்த்ததும் இவர் மூலையில் ஒடுங்கிப்போனார். நியாயம் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நானும் நினைத்தேன்.

"தம்பி, அவரு தூங்கறாருன்னு பாட்டை நிறுத்தினியாமே?"

இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"நான் ஒருநாளும் அப்படி விட்டதில்ல. வீட்டுக்கு வந்து படுத்தா போதும், குழாய் ஒழுகுது, பல்பு எரியலன்னு எழுப்பிக்கிட்டே இருப்பேன். நீயாவது தூங்க விட்டியே." அண்ணி மூக்கைச் சிந்தினார். "வீட்டுல துக்கம் விசாரிக்க ஆளுங்க வந்துகிட்டே இருக்காங்க. கண்ணை மூட முடியல. இங்க கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"

பாயை விரித்தேன். தலை சாய்ந்ததுதான் தெரியும், அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டார்.

இவர் பாயருகே போய்க் குந்தினார். கை அண்ணியின் தோள்வரை நீண்டது. போச்சு, எழுப்பப் போகிறார் என்று நினைத்தேன். கை அப்படியே நின்றது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்து, எதிர்ச் சுவரோரம் வெறும் தரையில் நீட்டிப் படுத்தார். கால் ஒருமுறை உதைத்து ஓய்ந்தது.

ஃபோன் அடித்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். முதலாளி.

"லோடு ரெடியாம்மா. அவனை எழுப்பு."

"தூங்கறாருங்க."

"எழுப்புன்னு சொல்றேன்ல?"

"மாட்டேன்" என்று சொல்லி ஃபோனை அணைத்துவிட்டேன்.

உள்ளே வந்தால் இருவரும் போட்டது போட்டபடி கிடந்தார்கள். ஃபேன் சத்தத்தில் மூச்சு கேட்கவில்லை. இவர் தோள்வரை கையை நீட்டி, இழுத்துக்கொண்டேன். எழுப்பினால் எழுந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எழுப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.