காருக்கு அடியில் பச்சைத் தண்ணீர்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில், நாற்பத்திரண்டு வீடுகளும் பாதி நாள் ஓடும் ஒரு லிஃப்டும் கொண்ட ஓர் அடுக்ககத்தில், மனித குலத்தின் நெடுங்கால ஏக்கம் சென்ற ஆகஸ்ட் மாதம் தீர்ந்தது. வாகன நல உபகுழு அமைக்கப்பட்டது. தலைவர் பாலகுமார். செயலாளரும் அவரே. உறுப்பினர் தேர்வு நிலுவையில் இருந்தது.

பாலகுமார் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டெலிவரி மேனேஜர். எதை டெலிவரி செய்கிறார் என்று மனைவி தமயந்தி பதினாறு வருடங்களில் கேட்டதில்லை. எந்தத் தொல்லையையும் எக்ஸெல் தாளில் ஏற்றி, அதற்கு மஞ்சளோ பச்சையோ நிறம் அடித்துவிட்டால் அது தீர்ந்த மாதிரிதான் என்பது அவருக்கு அவருடைய தொழில் கொடுத்த ஞானம்.

தினமும் காலை ஆறரைக்கு அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கார் பராமரிப்புக் குறிப்பு வரும். ஒருநாள் வந்தது: ‘காருக்கு அடியில் பச்சை நிறத்தில், இனிப்பு வாசனையோடு திரவம் சொட்டினால் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கும் நீர். உடனே கவனிக்கவும்.’ பாலகுமார்தான் அனுப்பினார். படித்தார் என்று சொல்ல முடியாது. எங்கிருந்தோ அவருக்கு வந்தது, அவர் வழியாகப் போயிற்று. தண்ணீர்க் குழாய் என்ன, தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டா விடுகிறது?

அடுத்த வாரம் வாட்ச்மேன் கோவிந்தப்பா அவரை கேட்டில் நிறுத்தி, பாதி கன்னடமும் பாதி தமிழுமாகச் சொன்னார்.

“சார், நிம்ம காடி கீழ பச்சை நீரு சொட்டுது.”

“ஏசி தண்ணி கோவிந்தப்பா. எல்லாக் கார்லயும் வரும்.”

“ஏசி நீரு பச்சையா பரல்ல சார். தொட்டா வழுவழுன்னு இருக்கு.”

“ஆப்ல கம்ப்ளைன்ட் போடு. கமிட்டி பாக்கும்.”

“நந்து பட்டன் ஃபோன் சார்,” என்று கோவிந்தப்பா தன் பழைய போனை எடுத்துக் காட்டினார்.

“அப்ப கம்ப்ளைன்ட் இல்ல.”

கோவிந்தப்பா போய், யாரும் வழுக்கி விழாமலிருக்க அந்த இடத்தில் ஒரு சட்டி மணலைக் கொட்டினார். அந்தக் காருக்கு அந்த வருடம் யாராவது உருப்படியாக ஏதாவது செய்தார்கள் என்றால் அது அந்த மணல்தான்.

தமயந்தியும் சொல்லிப் பார்த்தாள்.

“கார்ல வெல்லப் பாகு காய்ச்சற மாதிரி வாசனை வருதுங்க.”

“புதுசா பர்ஃப்யூம் வச்சிருக்கேன்ல?”

“அது எலுமிச்சம்பழ வாசனை.”

“வெயில்ல அப்படி மாறும்.”

இருந்தாலும் பாலகுமார் நியாயமானவர். ‘வாசனை: கண்காணிப்பில்’ என்று தாளில் எழுதி மஞ்சள் அடித்தார். மூன்று வாரம் மேற்கொண்டு புகார் வராததால், விதிப்படி மஞ்சள் பச்சையாயிற்று. தமயந்தி சொல்லி அலுத்துப்போயிருந்தாள். புகார் வராததன் காரணம் அவ்வளவுதான்.

பிறகு ஆயுத பூஜை. அன்றைக்குப் பெங்களூரில் கார்கள் எல்லாம் கல்யாண மாப்பிள்ளைகள். பாலகுமாரின் கார் மூன்று முறை குளித்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நெற்றியில் ஆள் உயரச் செவ்வந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பானெட்டை மட்டும் யாரும் திறக்கவில்லை. அதன் மேல் ஸ்வஸ்திகம் போட்டிருந்ததால் திறப்பது மரியாதையாகவும் இல்லை. உள்ளே ஸ்டீயரிங்குக்கு ஒரு சந்தனப் பொட்டு, கியருக்கு ஒன்று, வேகம் காட்டும் மீட்டர் கண்ணாடியின் இடது மூலையில் தாராளமாக ஒன்று.

“மீட்டர் மேல எதுக்குங்க?”

“மீட்டரும் ஆயுதம்தான் தமா. தொடைச்சிடாத. சாமிப் பொட்டு தானா உதிரணும்.”

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, தமயந்தியின் தம்பி சஞ்சய் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான்.

“அக்கா, அப்பாவுக்கு மூச்சு ரொம்ப வாங்குது. ரெண்டு மணிக்குத் தொண்டையில டியூப் போடறாங்களாம். போட்டா பேச முடியாது. உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார்.”

அப்பா உத்தமன் தன் மகளோடு பேசிப் பதினோரு மாதமாகியிருந்தது. அம்மாவின் முதல் வருடத் திவசத்துக்கு அவள் போகவில்லை. பாலகுமாருக்கு அன்றைக்கு அலுவலகத்தில் ஏதோ ‘ரிலீஸ்’. தனியாக பஸ்ஸில் அனுப்ப அவர் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எத்தனை முறை கூப்பிட்டாலும் உத்தமன் போனைச் சஞ்சயிடம் கொடுத்துவிடுவார். இப்போது அவரே கேட்கிறார்.

“கேப் புக் பண்ணிடுங்க,” என்றாள் தமயந்தி. “ரெண்டரை மணி நேரத்துல போயிடலாம்.”

“ஓடற காரை வச்சிக்கிட்டு எவனாவது கேப் புக் பண்ணுவானா? கமிட்டித் தலைவர் வாடகைக் கார்ல போறார்னு கேட்ல நின்னு பாப்பாங்க. வேற வெனையே வேணாம்.”

வெளியூர்ப் பயணத்துக்கு முன் சரிபார்க்க வேண்டியவை என்று அவரிடம் நாற்பது அம்சப் பட்டியல் இருந்தது. டயருக்குக் காற்று, முதலுதவிப் பெட்டி, டிஷ்யூ, காகிதங்களின் மூன்று நகல். ‘கூலன்ட் அளவு’ என்ற வரியில் போன மாதத்துப் பதிலை அப்படியே எடுத்து ஒட்டினார். கிளம்பும்போது மணி பத்து.

சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் போயிற்று. பொம்மசந்திரா தாண்டியதும் ஏசியிலிருந்து சூடான காற்று வந்தது.

“அனலா வருதுங்க.”

“வெளிய வெயில்.”

“வெளிய மேகமா இருக்கு.”

பாலகுமார் ஏசியை அணைத்து நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார். ஓசூரில் இன்ஜினுக்குள் யாரோ கரண்டியால் தட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. அவர் ரேடியோவைக் கூட்டி வைத்தார். சத்தம் நின்றது, அதாவது கேட்பது நின்றது.

“எதுக்கும் ஒரு தடவ நிறுத்திப் பாத்துடலாம். கால்ல விழறேன்.”

“மீட்டர்ல ஏதாவது லைட் எரியுதா? எரியலல்ல? இந்தக் காலத்துக் கார், ஒடம்பு சரியில்லன்னா அதுவே சொல்லும். நீ டென்ஷன் ஆகாத.”

சூளகிரியை நெருங்கும்போது, பன்னிரண்டரைக்கு, பானெட்டின் ஓரங்களிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. கார் இரண்டு முறை உலுக்கிக்கொண்டு நின்றது.

“பத்து நிமிஷம்,” என்றார் பாலகுமார். “சூடு ஆறினதும் தண்ணி ஊத்திட்டுக் கெளம்பிடலாம்.”

கிருஷ்ணகிரிக்கு இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். ஐந்து நிமிடத்தில், நின்ற காரைப் பார்த்துவிட்டு ஒரு தனியார் பஸ் தானாகவே வேகம் குறைத்து வந்தது. படியில் தொங்கிய கண்டக்டர் கத்தினார்: “கிருஷ்ணகிரி! ஏறும்மா, சீக்கிரம் ஏறு!”

தமயந்தி இரண்டு எட்டு ஓடிவிட்டாள்.

“அதான் ரெடியாயிடும்னு சொல்றேன்ல?” என்றார் பாலகுமார் பின்னாலிருந்து. “அந்த பஸ் ஊரூரா நின்னு போகும். நாம அதுக்கு முன்னாடியே போயிடுவோம். என் மேல கொஞ்சமாவது நம்பிக்கை வை.”

அவள் நின்றாள். பஸ் போய்விட்டது.

அதன்பின் நாற்பது நிமிடம் பாலகுமார் சாவியைத் திருகினார். ஒவ்வொரு திருகுக்கும் ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஒன்றேகாலுக்கு ராஜேந்திரன் என்ற மெக்கானிக் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து, பானெட்டைத் திறந்து, துணியைச் சுற்றி மூடியைத் திருகி உள்ளே பார்த்தார்.

“ஒரு சொட்டு இல்ல சார். வாட்டர் பம்ப் லீக்கு. மாசக்கணக்கா ஒழுகியிருக்கு. கார் நிக்கற எடத்துல பச்சையா தெரிஞ்சிருக்குமே?”

“தெரிஞ்சுது,” என்றாள் தமயந்தி. “வாட்ச்மேனுக்கு.”

“செவப்பு லைட்டும் வந்திருக்குமே சார்?”

“வரவே இல்ல. நான் பாத்துக்கிட்டேதான் ஓட்டினேன்.”

ராஜேந்திரன் உள்ளே குனிந்து சாவியைத் திருப்பினார். மீட்டரைப் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தால் இடது மூலையைச் சுரண்டினார். காய்ந்த சந்தனம் பொறுக்காக உதிர்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு சிறிய சிவப்பு விளக்கு, இருந்த கொஞ்சம் பேட்டரியில் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

“ஓசூர்லயே எரிஞ்சிருக்கும். அங்கயே நிறுத்தித் தண்ணி ஊத்தியிருந்தா கிருஷ்ணகிரி போயிருக்கலாம். இப்ப இன்ஜின் புடிச்சிக்கிச்சு சார். தள்ளினாலும் வராது.”

“சாமிக்கு வச்ச பொட்டு,” என்றார் பாலகுமார்.

“நெத்தியில வைக்கலாம் சார். கண்ணுல ஏன் வச்சீங்க?”

தமயந்தி சாலை ஓரத்துக்குப் போய் வருகிற பஸ்களுக்கெல்லாம் கை காட்டினாள். எதுவும் நிற்கவில்லை. ஒன்றே முக்காலுக்குப் போன் வந்தது.

“எங்கக்கா இருக்க?”

“சூளகிரிடா. கார் நின்னுபோச்சு.”

“இன்னும் சூளகிரியா?” என்றான் சஞ்சய். “இனிமே காத்திருக்க முடியாதுன்றார் டாக்டர். என்னை உள்ள விடல. நர்ஸ்கிட்டப் போனைக் குடுக்கறேன். அவங்க அப்பா வாய்கிட்ட வைப்பாங்க. பேசுக்கா.”

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் பீப் பீப் என்றது. இந்தப் பக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. தமயந்தி ஒரு காதைப் பொத்திக்கொண்டு காருக்குள் ஓடினாள். கண்ணாடிகள் நான்கும் இறங்கியே இருந்தன. பொத்தானை அழுத்தினாள், ஏறவில்லை. பேட்டரியின் கடைசித் தெம்பையும் அந்த நாற்பது நிமிடம் குடித்திருந்தது.

“அப்பா, நான்தாம்பா. தமா. சொல்லுப்பா.”

ஏதோ சொன்னார். நீளமாகவே சொன்னார், நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடி சொன்னார்.

“கேக்கலப்பா. லாரி போவுது. இன்னொரு தடவ சொல்லுப்பா.”

“என்னாச்சு? என்ன சொல்றார்?” என்று பாலகுமார் ஜன்னலில் தலையை விட்டார்.

“நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க!”

அவள் திரும்பப் போனைக் காதில் வைத்தபோது ஒரு பெண் குரல், “அவ்வளவுதான் மேடம், டைம் ஆயிடுச்சு,” என்றது.

தக்காளி ஏற்றிய மினி லாரி ஒன்றில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று பத்து. அப்பாவின் வாயில் குழாய் இருந்தது. கண்கள் மூடியிருந்தன. தமயந்தி அந்த நர்ஸைத் தேடிப் பிடித்துக் கேட்டாள்.

“என்ன சொன்னார்? ஒரு வார்த்தையாவது ஞாபகம் இருக்கா?”

“முகத்துல மாஸ்க் இருந்துச்சு மேடம். வார்த்தை ஒண்ணும் புரியல. உங்களுக்குக் கேக்குதுன்னு நெனச்சு நான் போனை மட்டும் புடிச்சிட்டிருந்தேன்.”

மாலையில் பாலகுமார் வந்தார். இழுவை வண்டிக்காரரோடு பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. வராண்டா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தமா, எமோஷனலா பாக்காம யோசிச்சா, இதுல மூணு காரணம் இருக்கு.”

தமயந்தி எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.

உத்தமன் செவ்வாய்க்கிழமை இறந்தார். குழாயை எடுக்கவேயில்லை.