ஈஸ்டருக்கு முந்தின நாள், மிஸ் வெர்லீன் கடையில்

எங்கள் பத்திரிகைக்கு ஆசிரியர் குழு கிடையாது. கவிதையை ஜனங்கள் முன்னால் வாசிக்க வேண்டும். பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினால் அச்சுக்குப் போகும், இல்லாவிட்டால் குப்பைக்கு. கறுப்பர்களுக்காக எழுதினால் கறுப்பர்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று பத்திரிகையில் கூட இருந்த நண்பன் குவாபெனா கொண்டுவந்த விதி அது. முதல் இதழில் என் பெயர் வந்தே ஆக வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வைத்த பெயர் இல்லை, நானே வைத்துக்கொண்ட ஆப்பிரிக்கப் பெயர், அயோடெலே. திங்களன்று இதழ் அச்சுக்குப் போகிறது.

சனிக்கிழமை வாசிக்கப் போனால், எங்களுக்கு இடம் தந்திருந்த தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பூட்டு. எங்களை விசாரித்துப் போலீஸ் வந்து போனதாம். பாதிரியார் பயந்துவிட்டார். விடிந்தால் ஈஸ்டர். சிகாகோ நாற்பத்து மூன்றாம் தெருவில் அன்றைக்குக் கூட்டம் பிதுங்கிய இடம் மிஸ் வெர்லீனின் அழகு நிலையம்தான். சுருட்டை முடியைச் சூடான சீப்பால் நேராக்கிக்கொள்ளாமல் ஈஸ்டர் ஆராதனைக்கு எவள் போவாள்? அங்கேயே போய் வாசிப்பது என்று முடிவு செய்தோம்.

என் கவிதையோ, சூடான சீப்பால் முடியைத் தீய்த்து வெள்ளைக்காரியாக மாறப் பார்க்கும் பெண்களைத் திட்டுவது. நான் என் சுருட்டையை அப்படியே புதராக வளரவிட்டிருந்தேன். வேறு கவிதை இல்லையா என்று குவாபெனா கிசுகிசுத்தான். இல்லை.

வெர்லீன் கையில் சீப்பு புகைந்துகொண்டிருந்தது. நாற்காலி இல்லை, வேண்டுமானால் நின்றுகொண்டு படியுங்கள் என்றாள். முடி உலர்த்தும் ட்ரையருக்குள் தலையை விட்டிருந்த ஒருத்தி குவாபெனாவை உற்றுப் பார்த்தாள்.

"நீ லொரைன் மவன் கிளாரன்ஸ்தானே? இதென்னப்பா, நைட்டி மாதிரி?"

"ஆப்பிரிக்கச் சட்டைம்மா. என் பேரு இப்ப குவாபெனா."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்போடு நானும் ஆரம்பித்தேன். ட்ரையர் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று மளமளவென்று ஓட்டினேன்.

வெர்லீன் என்னை நிறுத்தச் சொன்னாள். சீப்பைக் கீழே வைத்தாள். சுவரோரமாகப் போய் ஒவ்வொரு ட்ரையராக அணைத்தாள். வருஷத்திலேயே அதிக வியாபாரம் நடக்கிற நாளில்! ஈரத் தலைகள் முணுமுணுத்தன.

"பொண்ணு ஏதோ எழுதிக் கொண்டாந்திருக்கு, கேப்போம்," என்றாள். "மொதல்லேர்ந்து படி, கண்ணு."

படித்தேன். தீய்ந்த முடியின் நாற்றத்தைப் பற்றிய வரி வந்தபோது கடையில் அந்த நாற்றம்தான் இருந்தது.

குவாபெனா ஓட்டுக் கேட்டான். பின்னால் இரண்டு கைகள் உயர்ந்தன, ஒன்று பாதியிலேயே இறங்கிவிட்டது. வெர்லீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னையத் திட்டு, பரவால்ல," என்றாள். "ஆனா இந்தக் கவிதையில வர்றவள நான் பாத்ததே இல்லையே. எந்தத் தெருவுல இருக்கா?"

தாளை மடித்துப் பையில் வைத்தேன். முதல் இதழ் என் பெயர் இல்லாமலேதான் வந்தது.

அழுகை வரவில்லை. கல்லூரியில் என் எழுத்தைப் புரட்டிவிட்டு நகர்த்தி வைத்தவர்கள் உண்டு. தன் பிழைப்பை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டவள் இவள் ஒருத்திதான், அதுவும் தன்னைத் திட்டும் கவிதையை. வாசலில் திரும்பி நன்றி என்றேன். அதற்குள் ட்ரையர்களைப் போட்டுவிட்டாள், அவளுக்குக் கேட்டிருக்காது. அவள் கத்தியது எனக்குக் கேட்டது.

"அடுத்த சனிக்கெழம வேற கொண்டா. ட்ரையர நிறுத்தி வைக்கிறேன். வரும்போது அந்தத் தலையக் கொஞ்சம் சீவிட்டு வா!"

சீவவில்லை. ஆனால் போனேன்.