முனை நிறையாத சோல்கள்

பிரஸ்ஸின் மேல்தட்டைத் தூக்கியதும் கந்தக நெடி ஆவியோடு சேர்ந்து முகத்தில் அறைந்தது. மாதலேன் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இடுக்கியால் ரப்பர் பூட்ஸ் சோலை அச்சிலிருந்து நெம்பி எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். சைகோனை ஒட்டிய சோலோன் பகுதியில், கால்வாய்ப் பக்கம் அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அரிசிப் படகுகளிலிருந்து அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. அந்தச் சாம்பல் வெளிச்சமே போதுமானதாக இருந்தது. குதிகால் சரியாக வந்திருந்தது, நடுப்பாகமும் சரிதான், முனை மட்டும் நிறையவில்லை. கட்டைவிரல் பதிய வேண்டிய இடத்தில் எலி கடித்தது போல ஒரு குறை.

அடுத்ததை எடுத்தாள். அதிலும் குறை. அதற்கடுத்ததிலும் அதேதான்.

"சொய் ஒய்!" என்று தன் மொழியில் அங்கலாய்த்தாள் பக்கத்தில் நின்ற தூ. மாதலேனைப் போலவே வெட்டும் மேசைக்காரி, வியட்நாமியப் பெண், கால்வாயில் படகில் குடியிருப்பவள். இருவரும் அரைகுறைத் தமிழும் அரைகுறை வியட்நாமியமும் கலந்துதான் பேசிக்கொள்வார்கள். "நேத்து சாயங்காலம் நீ வெட்டினதை நானே அச்சுல வச்சுப் பாத்தேனே. முனை வரைக்கும் இருந்துச்சே."

"இருந்துச்சு. இப்ப இல்ல. ராவோட ராவா எவன் வந்து தின்னான்?"

இதுதான் பல வாரங்களாக அவளை அரித்துக்கொண்டிருந்த கேள்வி. உருளை மில்லின் இரண்டு உருளைகளுக்கிடையே நசுங்கி ரப்பர் ஷீட் சூடாக இறங்கி வரும். அதன்மேல் சோல் வடிவத்தில் வெட்டிய தகர அளவை வைத்து, சாக்கட்டியால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே கத்தியை ஓட்டுவாள். வெட்டியது தகரத்தோடு முடிக்கு முடி பொருந்தும். அதை மறுநாள் விடியலில் அச்சில் வைத்தால் ஒரு விரற்கடை குட்டையாக நிற்கும். பக்கவாட்டில் மட்டும் பிதுங்கியிருக்கும். அச்சுக்குள் சூடேறி வெந்துவிட்டால் ரப்பர் அதற்குப் பிறகு நகராது. குறை குறையாகவே நின்றுவிடும்.

தவறு கத்தியிலா, கண்ணிலா? இரண்டையும் அவள் பல தடவை சோதித்துவிட்டாள். ஒருநாள் தூ ஷீட்டைக் குறுக்குவாட்டில் திருப்பிப் போட்டு வெட்டிப் பார்த்தாள். மறுநாள் நீளம் சரியாக இருந்தது. அகலம் சுருங்கி, ஆள் நடக்க முடியாத ஒடிசல் சோலாக வந்தது. இன்னொரு நாள் மாதலேன் ஒரு விரற்கடை கூட்டி வெட்டினாள். அன்றைக்கு ரப்பர் அதிகமாகி அச்சின் ஓரமெல்லாம் வழிந்தது. சனிக்கிழமைகளில் மட்டும் ஏனோ முனைகள் ஒழுங்காக நிறைந்தன. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. எப்போதும் தப்பாகவே வந்தாலும் ஒரு காரணம் சொல்லலாம்.

முன்னறையில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி அபுல் ஹசன் வந்துவிட்டார். காரைக்காலில் துணி வியாபாரக் குடும்பம். சண்டை வந்து துணிக்கடை படுத்தபின் இந்தப் பட்டறையை வாங்கி, பிரெஞ்சுப் பட்டாளத்தின் கான்வாஸ் பூட்ஸுக்குச் சோல் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வடக்கே தியென் பியென் ஃபூவில் சண்டை முற்ற முற்ற, இங்கே கான்ட்ராக்டருடைய லாரி அடிக்கடி வந்து நின்றது.

குறைச் சோல் ஒன்றைக் கையிலெடுத்து வளைத்துப் பார்த்தார்.

"ராத்திரி எந்திரிச்சு நடந்து போயிடுச்சா மாதலேன், இந்த முனை?"

"அளவு வச்சுத்தான் மொதலாளி வெட்டினேன்."

"அளவு வச்சு வெட்டிட்டு அப்புறம் ஓரத்தைச் சீவுற. பின் சந்துல செருப்பு தைக்கிறவன்கிட்ட துண்டு ரப்பர் போவுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"மாதா சத்தியமா..."

"சத்தியத்தை வச்சு நான் பட்டாளத்துக்குச் சோல் அடிக்க முடியாது. இனி முனை கொறைஞ்சா கத்தியையும் வச்சிரு, பின்கட்டு ரூமையும் காலி பண்ணிடு."

பின்கட்டு அறை என்பது கந்தக மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போடும் இடம். கணவன் பட்டாளத்துச் சமையல்காரனாக வடக்கே தொங்கினுக்குப் போய்த் திரும்பி வராதபின், சைகோனில் அவளுக்கென்று இருந்த கூரை அது ஒன்றுதான். திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் சோலோனில் எந்தப் பட்டறையும் உள்ளே விடாது.

முதலாளி உருளைப் பக்கம் திரும்பினார்.

"தாஜுதீன்! ஷீட் கட்டையா வந்தா கட்டையாத்தான் வெட்டுவாளுவ. இழுத்துப் பிடிக்கச் சொல்லு. நல்லா நீளமா வரட்டும். உருளையையும் கொஞ்சம் ஓட்டமா விடு."

உருளை மில்லை ஓட்டும் தாஜுதீன் வேகத்தைக் கூட்டினார். அவரும் காரைக்கால்காரர்தான். அதனாலேயே முதலாளி மற்றவர்களிடம் சொல்லக் கூசுவதையெல்லாம் அவரிடம் சொல்வார். ஷீட்டை வாங்கி இழுக்கும் முருகப்பன் மட்டும் முணுமுணுத்தான்: "என் கையையும் சேத்து நீட்டிக்கலாம் போல."

இழுத்தார்கள். உருளை வாயிலிருந்து ஷீட் தலைகாட்டியதுமே முருகப்பன் முனையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுக்க, அது பளபளவென்று மெலிந்து நீண்டு வந்தது. அதை வெட்டினார்கள். மறுநாள் விடியலில் ஒரு விரற்கடையாக இருந்த குறை இரண்டு விரற்கடையாகியிருந்தது. முதலாளி இன்னும் இழுக்கச் சொன்னார். குறை இன்னும் கூடியது.

வியாழக்கிழமை, உருளையில் ஒட்டிக்கொண்டு இறங்காத ஷீட் ஓரத்தைப் பிடுங்க முருகப்பன் உருளைகளின் வாய்வரை கையைக் கொண்டுபோனான். அவன் அலறியது கேட்பதற்கு முன்பே தாஜுதீன் சுவிட்சை அடித்துவிட்டார். ஆனால் உருளைக்கு நிற்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்தக் கொஞ்சம் போதுமாக இருந்தது. மாதலேன் தன் முந்தானையைக் கிழித்துக் கட்ட, சிக்ளோ ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வலது கையில் இரண்டு விரல் இனி இல்லை என்று செய்தி வந்தது.

"கவனமா இருந்திருக்கணும்," என்றார் முதலாளி. "உருளையைக் கழுவிட்டு ஓட்டுங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. நண்பகல் தொழுகைக்கு முதலாளியும் தாஜுதீனும் நகரத்துப் பள்ளிவாசலுக்குப் போவது வழக்கம். பாங்கு நேரம் நெருங்கினால் முதலாளி முதலில் செய்வது கத்திகளை வாங்கிப் பெட்டியில் பூட்டுவது. சண்டைக் காலம், ஒரு கத்தி காணாமல் போனாலும் பொலீஸ் வந்து வாசலில் நிற்கும் என்ற பயம். உருளை நிற்கும். கத்தி இல்லாமல் மேசைக்காரிகளும் சும்மா இருப்பார்கள். தொழப் போனவர்கள் திரும்பி வந்தபின்தான் கோடு போடுவதும் வெட்டுவதும் தொடங்கும்.

அன்றைக்கு மாதலேனுக்கு அவசரம். இனி ஒரு குறைகூட வரக்கூடாது. கத்தியைக் கேட்டு முதலாளி கை நீட்டியபோது, சூடான ஷீட்டின்மேல் அவள் ஏற்கெனவே தகரத்தை வைத்துக் கோடு போட்டு முடித்திருந்தாள். கத்தியைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். தூ வெற்றிலை மடித்தாள். முருகப்பனைப் பற்றிப் பேசினார்கள்.

வெகுநேரம் கழித்து எழுந்து மேசைக்குப் போன மாதலேன் கோடு கலைந்திருக்கிறதா என்று பார்க்கத் தகரத்தை அதன்மேல் வைத்தாள். தகரம் கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது.

திருப்பி வைத்தாள். இன்னொரு கோட்டின்மேல் வைத்தாள். அங்கேயும் அப்படித்தான். சாக்கட்டிக் கோடுகள் எல்லாமே நீளத்தில் குறுகி, அகலத்தில் உப்பியிருந்தன.

"தூ! இங்க வா. வெட்டவே இல்ல. கத்தியே இல்ல. கோடு தானாச் சுருங்கியிருக்கு!"

தூ குனிந்து பார்த்தாள். வாயிலிருந்த வெற்றிலையை மெல்லவும் மறந்தாள். பிறகு மாதலேனின் நெற்றியில் புரண்ட ஒரு சுருள் முடியைப் பிடித்து நேராக இழுத்து, விட்டாள். அது துள்ளிச் சுருண்டது.

"இது மாதிரி," என்றாள்.

அவள் சொன்னது கிட்டத்தட்ட முழு உண்மை. ரப்பருக்குள் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத நீள நீளமான இழைகள். சீப்பே படாத கூந்தல் போல ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பவை. சும்மா விட்டால் ஒவ்வொன்றும் சுருண்டுகொள்ளத்தான் பார்க்கும். உருளைகளுக்கிடையே நசுக்கி இழுக்கும்போது எல்லா இழைகளும் ஒரே திசையில் நீட்டப்படுகின்றன. அப்போது ஷீட் நீளமாகத் தெரிவது மெய்தான், ஆனால் அது ரப்பர் சம்மதித்த நீளம் அல்ல. பிடி விட்டதும் இழைகள் மெல்ல மெல்லச் சுருளத் தொடங்கும். சிக்குகளுக்குள் நெளிந்து வர வேண்டியிருப்பதால் அதற்கு நேரம் பிடிக்கிறது. நீளத்தில் இழந்ததை ஷீட் அகலத்திலும் தடிமனிலும் காட்டும். எங்கும் எதுவும் தொலைவதில்லை. எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ, அவ்வளவுக்குத் திரும்பி வரும். இழுப்பு நாளுக்கு நாள் மாறுவதால், இவ்வளவு கூட்டி வெட்டு என்று நிலையாக ஒரு கணக்குச் சொல்லவும் முடியாது. வெள்ளிக்கிழமை ஷீட் மட்டும் பூட்டிய கத்தியின் தயவால் சுருங்கி முடித்தபிறகு வெட்டப்பட்டது. சனிக்கிழமை முனை நிறைந்ததற்கு அதுதான் காரணம்.

முதலாளியும் தாஜுதீனும் வந்தபோது பட்டறையில் அத்தனை பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். அத்தர் வாசத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் அபுல் ஹசன்.

"பாருங்க மொதலாளி," என்றாள் மாதலேன். "கத்தி உங்க பெட்டியில. சாவி உங்க இடுப்புல. முனை எங்க போச்சு, சொல்லுங்க."

அவர் தகரத்தை வைத்துப் பார்த்தார். தகரம் வளைந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார். அவர் முட்டாள் அல்ல, அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"சரி. உன் மேல குத்தமில்ல. ரூமுல இரு. போய் வெட்டு."

அவள் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக அது முடிந்துவிட்டது. அவர் கத்தியை நீட்டினார். அவள் கையும் நீண்டது.

"பாவ்!" என்று உருளைப் பக்கம் நின்ற வியட்நாமிய ஆளை அழைத்தார் முதலாளி. "முருகப்பன் எடத்துல நீ நில்லு. இழுத்துப் பிடி. திங்கக்கிழமை லாரி வருது."

மாதலேனின் கை பாதியில் நின்றது. "இழுத்தாத்தானே மொதலாளி சுருங்குது. கோட்டைப் பாத்தீங்கள்ல? ஷீட்டைச் சும்மா போட்டு வச்சாப் போதும். இழுக்கவே வேணாம்."

"போட்டு வச்சா உருளை நிக்கும். மேசை அடைபடும். அந்த நேரத்தை யாரு குடுப்பா, உன் மாதாவா? சுருங்குனா சுருங்கட்டும். கூட்டி வெட்டு. கொறை வந்ததைத் தூக்கிப் போட்டுட்டு மத்ததை அனுப்பலாம்." பிறகு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "இன்னைக்கு ரப்பருக்கு ஓய்வு கேப்பீங்க. நாளைக்கு உங்களுக்குக் கேப்பீங்க."

"கேக்கத்தான் போறோம்," என்றார் தாஜுதீன்.

முதலாளி வெடுக்கென்று திரும்பினார். "பள்ளியில என் பக்கத்துலதானே நின்னு தொழுத?"

"ஆமா. அங்க நீங்க என்னை இழுத்துப் பிடிக்கலையே."

யாரோ சிரித்துவிட்டு இருமலாக்கினார்கள். தூ நடந்த பேச்சை வியட்நாமியத்தில் பாவிடம் சொன்னாள். பாவ் உருளைகளின் வாயைப் பார்த்தான். கழுவியிருந்தார்கள். அவன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"மாதலேன்," என்றார் முதலாளி, குரலைத் தணித்து, "உனக்கு என்ன வந்துச்சு? உன்னைத்தான் விட்டாச்சே."

"என்னை நீங்க விட்டீங்க. முருகப்பனை உருளை விடலையே."

"அப்ப ரூமைக் காலி பண்ணு. இன்னைக்கே. ஆளு கெடைக்காத ஊரா இது? வாசல்ல நின்னு கூப்பிட்டா வருவான். சண்டை நேரத்துல பட்டாளத்து வேலையை நிறுத்துனா அதுக்குப் பேரு என்னன்னு பொலீஸ்காரன் சொல்லுவான்."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மேசையில் சாய்ந்துகொண்டாள். அப்போது தூ அவள் காதருகில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எங்க படகுல ஏற்கெனவே எடமில்ல. நீ வந்தாலும் எடமில்லாமத்தான் இருக்கும். வா."

மாதலேன் கத்தியை வாங்காமல் கையை இறக்கினாள். தூவும் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிரஸ் அருகே நின்றவர்கள் ஒவ்வொருவராக மேசைப் பக்கம் வந்து நின்றார்கள். தாஜுதீன் சுவிட்ச் பலகைக்கு முன்னால் போய், அதை மறைத்துக்கொண்டு நின்றார்.

அபுல் ஹசன் நீட்டிய கத்தியைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். பிறகு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். டெலிபோன் டயல் சுழலும் ஓசை கேட்டது. கூப்பிடுவது கான்ட்ராக்டரையா, பொலீஸையா, யாருக்கும் தெரியவில்லை. ஒருவரும் வாசல் பக்கம் நகரவில்லை.

பாவ்தான் முதலில் பேசினான். தூ அதைத் தமிழாக்கினாள்: "அவர் கதவைத் திறந்து எப்படிச் செய்யணும்னு கேட்டா, நாம என்ன சொல்றதுன்னு கேக்குறான். எல்லாரும் ஒண்ணையே சொல்லணுமாம்."

மாதலேன் யோசித்தாள். பிறகு தமிழில் ஒரு வாக்கியமும், தெரிந்த வியட்நாமியத்தில் அதே வாக்கியமுமாக, விட்டு விட்டுச் சொன்னாள்:

"உருளை மெதுவா ஓடணும். ஷீட்டை யாரும் இழுக்கக் கூடாது, அது தானா எறங்கி வரணும். எறங்குன ஷீட்டை ஒட்டாம இருக்க வெள்ளைத் தூள் தூவி, மேசையில பிடிப்பில்லாம போட்டு வைக்கணும். ஒரு கோடு போட்டு, அதுமேல தகரத்தை வச்சு வச்சுப் பாக்கணும். கோடு சுருங்குறது நின்னபிறகு புதுசாக் கோடு போட்டுத்தான் வெட்டணும். அப்படி வெட்டுனா முனை நிறையும். உருளை வாய்க்கிட்ட யாரு கையும் போக வேண்டியதில்ல."