பாதம் வைத்த எழுத்து

சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டு, மலாயாவைப் பிடித்திருந்த சப்பான்காரர்கள் ஒட்டிய அறிவிப்பை எழுத்தெழுத்தாகக் கோத்தவள் அகத்தா. சுங்கைப் பட்டாணியில் தமிழ் அச்சடித்த ஒரே கடை சின்னையாவுடையது. அங்கே எழுத்துக் கோக்க இருந்த ஒரே ஆள் அவள். பினாங்கில் கன்னியாஸ்திரிகளின் அநாதை இல்லத்தில் வளர்ந்தபோது கற்றுக்கொண்ட வேலை அது. மூன்று மாதம்தான், மூன்று வேளையும் சோறு, குடும்பத்துக்கு அரிசி, திரும்பிவர ரயில் என்று தாளில் எழுதிக் கொடுத்ததை ஒரு பிழையும் இல்லாமல் கோத்தாள். பிழை இல்லாததில் அன்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஐந்து மாதம் கழித்து, சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து போன எண்பது பேரில் ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். பரஞ்சோதி. காட்டு வழியாகவும் சரக்கு ரயிலில் ஒளிந்தும் வந்து சேர்ந்தவனைப் பால் வெட்டுக்காரி மருதம்மாள் தோட்டத்துக் கூலி லயத்தில் இருந்த தன் வீட்டில் மறைத்து வைத்திருந்தாள். மருதம்மாளின் புருஷனும் அந்த எண்பதில் ஒருவன். வாந்திபேதியில் செத்துப்போனான் என்ற செய்தியைக் கொண்டுவந்ததும் பரஞ்சோதிதான்.

பழந்துணி கொடுத்து மரவள்ளிக் கிழங்கு வாங்க வாரம் ஒருமுறை அந்த லயத்துக்குப் போவாள் அகத்தா. அந்த வாரம் போனபோது அவன் சுவரோரம் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே புண். மருதம்மாள் அதில் உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கங்காணி வாயால சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டோம்க்கா," என்றான் பரஞ்சோதி. "அச்சுல போட்டிருந்துச்சு. படிக்கத் தெரிஞ்சவன் நான்தான். மரத்தடியில நின்னு எல்லாருக்கும் நானே படிச்சுக் காட்டினேன்."

அகத்தா கிழங்குக் கூடையைக் கீழே வைத்தாள்.

"அதைக் கோத்தது நான்தான்."

மருதம்மாள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள். திட்டுவாள், விளக்குமாற்றை எடுப்பாள் என்று அகத்தா நின்றாள். மருதம்மாள் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்படின்னா இவன் சொல்றதையும் அச்சுல போடு."

மறுநாள் காலை அச்சுக்கடையில் அகத்தா பேச்சை எடுத்ததுமே சின்னையா கதவைச் சாத்தினார்.

"உனக்குப் பைத்தியமா? எல்லா அச்சுக்கடையிலயும் எழுத்து மாதிரி அடிச்சு வாங்கிட்டுப் போயிட்டான்ல சப்பான்காரன். அ-வுல இருந்து னௌ வரைக்கும் நம்ம எழுத்து பூராவும் அவன் மிலிட்டரி போலீசு, அந்தக் கெம்பித்தாய் ஆபீசுல இருக்கு. ஒரு தாள் வெளியில போனாப் போதும், எந்தக் கடை எழுத்துன்னு மத்தியானத்துக்குள்ள கண்டுபிடிச்சிடுவான்."

"வேற எழுத்தா இருந்தா?"

"வேற எழுத்து எங்க இருக்கு? மெட்ராசுல இருந்து கப்பல் வருதா? இருந்த இங்கிலீஷ் எழுத்தையும் ஈயத்துக்காக அள்ளிட்டுப் போயிட்டான். வேண்டாம்மா. விட்டுடு லா."

அவள் விடவில்லை. கையால் எழுதி ஒட்டலாம் என்று பரஞ்சோதி சொன்னபோது அதையும் மறுத்தாள். "அவன் பொய்யை அச்சுல போடுறான். நாம உண்மையைக் கிறுக்கி வச்சா எவன் மதிப்பான்? இதுவும் அச்சுலதான் வரணும். அவனுதைவிட அழகா வரணும்."

எழுத்தைப் புதிதாகச் செய்வது என்று முடிவாயிற்று. ஒன்றுமில்லாததிலிருந்து வரைந்தால் அது கையெழுத்தாகவே தெரியும். அடிப்படைக்கு ஓர் எழுத்து வேண்டும். கலியாணப் பத்திரிகைத் தலைப்புக்குச் சின்னையா பயன்படுத்திய பெரிய மெட்ராஸ் எழுத்தில் ஒரு தாள் அடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அந்த எழுத்தின் உடம்பு அப்படியே இருக்கட்டும், ஆனால் கூடப்பிறந்தவனுக்குக்கூட அடையாளம் தெரியக்கூடாது. அதற்கு என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தாள்.

விடை அவளுடைய இங்கிலீஷ் ஜெபப் புத்தகத்தில் கிடைத்தது. அதில் எழுத்தின் ஒவ்வொரு கோடும் முடியும் இடத்தில் சின்னதாக ஒரு பாதம் இருந்தது. செரிப் என்பார்கள் கன்னியாஸ்திரிகள். எழுத்து அந்தரத்தில் தொங்காமல் தரையில் ஊன்றி நிற்கும். தமிழுக்கு அப்படி வைத்து அவள் பார்த்ததில்லை. ப-வுக்கு வைத்துப் பார்த்தாள். ட-வுக்கு, ம-வுக்கு வைத்தாள். நேர்கோட்டைப் பருமனாக்கி, வளைவை மெலிதாக்கினாள். முகமே மாறிவிட்டது.

மரத்துக்குக் கொய்யா. கத்திக்குப் பால் வெட்டும் கத்தியை உடைத்து மருதம்மாள் தீட்டிய மூன்று சிறு உளிகள். அச்சடித்த பக்கம் மரத்தில் படும்படி தாளை ஒட்டி, மேலே எண்ணெய் தடவினால் எழுத்து இடவலம் மாறித் தெரியும். அதன்மேல் அகத்தா பாதங்களை வரைந்து கொடுத்தாள். செதுக்குவதில் அவள் கை தடுமாறியது. வாசித்துப் பழகிய கண், எழுத்தை நேராகவே திருப்பப் பார்த்தது. மருதம்மாளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவளுக்கு அது வெறும் கோடும் வளைவும். பட்டையில் நூல் பிசகாமல் வெட்டிய கை, கொய்யாக் கட்டையில் அதையே செய்தது.

"பாதம் வச்சது நல்லதாப் போச்சு," என்றாள் மருதம்மாள் ஒருநாள். "கோடு முடியுற இடம் மொட்டையா இருந்தா உடைஞ்சு போவுது. இது புடிச்சுக்குது."

ஒன்பது நாளில் நாற்பத்தொரு கட்டை. தோட்டத்து மரங்களில் ஒட்டியிருந்த சயாம் அறிவிப்புகளைப் பால் வெட்டுப் பெண்கள் கிழித்து வந்து கொடுத்தார்கள். வேறு தாள் ஏது? அவற்றின் வெள்ளைப் பக்கத்தில் முதல் பிரதியை எடுத்தாள் அகத்தா. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்த மை, கரண்டியின் முதுகால் தேய்ப்பு.

பரஞ்சோதி வாங்கி உரக்கப் படித்தான். "சயர... சயரமுக்குப் போகரதே... லரரி வந்தரல் கரட்டுக்கு ஓடு." தாளை விலக்கிப் பார்த்தான். "கரட்டுக்கா? இங்க எந்தக் கரட்டுக்குக்கா ஓடுறது? குனோங் ஜெராய் மலைக்கா?"

செத்துப் பிழைத்து வந்தவன் அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தான். மருதம்மாளும் சிரித்தாள். அகத்தாவுக்கு அழுகை வந்தது. துணைக்காலுக்கும் ர-வுக்கும் வேற்றுமையே அடியில் இருக்கும் சின்னச் சாய்வுதான். துணைக்காலுக்குப் பாதம் வைத்ததும் எல்லாம் ர ஆகிவிட்டது. ஆசைப்பட்டு எல்லாவற்றுக்கும் பாதம் வைத்தது தப்பு. மறுநாள் ஏழு துணைக்காலையும் புதிதாக வெட்டினார்கள். பாதம் கிடையாது. மேலே மட்டும் இடப்பக்கம் சிறு அலகு. ர-வுக்கு வால் நீண்டது. இப்போது யாரும் தடுமாறாமல் படித்தார்கள்.

சயாமுக்குப் போகாதே. கூலி இல்லை, சாவுதான். லாரி வந்தால் காட்டுக்கு ஓடு.

இருநூறு தாள்கள் கிழங்குக் கூடையிலும் பால் வாளியிலுமாகப் பாடாங் செராய் வரை போயின. அடுத்த வாரம் ஒரு தோட்டத்தில் ஆள் பிடிக்க லாரி வந்து நின்றபோது லயங்களில் கோழிகள்தான் இருந்தன.

அதற்கு மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அச்சுக்கடைக்கு வந்தார்கள். ஒரு கெம்பித்தாய் அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், மொழிபெயர்ப்புக்குப் பக்கிரிசாமி. அதிகாரி ஒரு பக்கம் கடையின் மாதிரித் தாளையும் மறுபக்கம் அந்தத் துண்டுத் தாளையும் விரித்துப் பூதக்கண்ணாடியை வைத்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. அதனால் உருவத்தை மட்டும் பார்த்தான், ஒவ்வொன்றாக, மிக நிதானமாக. ட-வின் அடியில் விரலை வைத்து ஏதோ கேட்டான்.

"இந்தப் பாதம் என்னன்னு கேக்குறாரு," என்றான் பக்கிரிசாமி.

சின்னையா தாளை வாங்கிப் பார்த்தார். அகத்தா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'லை'யில் அவர் கண் நின்றது. அதன் முன்னால் யானைத் துதிக்கைபோல எழும் கோடு வளைந்த விதம் அவருடைய மெட்ராஸ் எழுத்தின் வளைவேதான். இருபது வருஷமாக அவர் பார்த்த வளைவு. அதை மாற்ற அவளுக்குத் தோன்றவே இல்லை. சின்னையா ஒருமுறை அவளைப் பார்த்தார்.

"இந்த எழுத்து எங்கிட்ட இல்ல துவான்," என்றார். "தமிழ்லயே இப்படி எழுத்து கிடையாது."

ஆனாலும் அவரை லாரியில் ஏற்றினார்கள். தமிழ் அச்சு அடிக்கிற ஆள் ஊரில் வேறு யார்? மூலையில் நின்ற பெண்ணை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

அகத்தா நேராகச் சிடாம் கிரிக்குப் போனாள். நான்தான் செய்தேன் என்று போய்ச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள்.

"சொன்னா அவரை விட்டுடுவானா? ரெண்டு பேரையும் வச்சுக்குவான்," என்றாள் மருதம்மாள். "அவர் உள்ள இருக்காரு. இதே எழுத்துல இன்னொரு தாள் வெளிய வந்தா?"

அகத்தா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "முன்னாடியே அடிச்சு வச்சதுன்னு சொல்லுவான்."

"அவர் உள்ள போனப்புறம் நடந்ததை எழுது."

அந்த வெள்ளிக்கிழமை பாடாங் செராயில் மறுபடி லாரி வந்து வெறுமையாகத் திரும்பியது. புதிதாகப் பதினெட்டு எழுத்து வேண்டியிருந்தது. இரண்டு பகலில் வெட்டினார்கள். ழ-வின் அடிச்சுழிக்குப் பாதம் எங்கே வைப்பது என்று குழம்பி, வைக்காமலே விட்டாள் அகத்தா. கையை வெட்டிக்கொண்ட மருதம்மாள் துணியைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்து செதுக்கினாள்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. ஒருவரும் ஏறவில்லை. நீயும் ஏறாதே.

திங்கட்கிழமை, சந்தை நெரிசலில், மருதம்மாள் மரவள்ளிப் பசை பூசிய தாளை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். வெற்றிலை மென்றாள். துப்பினாள். நகர்ந்தபோது தாள் சுவரில் இருந்தது. அகத்தா நான்கு கடை தள்ளி நின்று, ஜனங்கள் ஒவ்வொருவராக நின்று வாசிப்பதைப் பார்த்தாள். ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்று உதடசைத்துப் படித்தாள். தடுமாறாமல் படித்தாள்.

சின்னையாவைப் பதினோராம் நாள் விட்டார்கள். வலது கையில் மூன்று விரல்கள் உடைந்து வீங்கியிருந்தன. கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அகத்தா அவர் காலடியில் உட்கார்ந்து, அழுதாள்.

"அழுவாத. ரெண்டாவது தாளைக் கொண்டாந்து மேசையில போட்டான்," என்றார் அவர். "என்னை அடிச்சவனே அதைப் பார்த்துட்டு நின்னுட்டான். அப்பறம் எங்கிட்டயே கேக்குறான், இதை யாரு பண்ணினதுன்னு."

"என்னண்ணே சொன்னீங்க?"

"எனக்குத் தெரியலை, ஆனா நல்ல வேலைக்காரன்னு சொன்னேன். அதுக்கும் ஒண்ணு விழுந்துச்சு." வீங்கிய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "கட்டையெல்லாம் எங்க இருக்கு? நான் பாக்கணும். ப-வுக்குப் பாதம் பெருசு. கெழவி செருப்பு மாதிரி இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை பகலில் அகத்தாவும் மருதம்மாளும் சின்னையாவும் லயத்து வீட்டில் கட்டைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பரஞ்சோதி சுவரில் சாய்ந்து, சயாமில் தன் கண் முன்னால் செத்தவர்களின் பெயரை நினைவுக்கு வந்த வரிசையில் சொன்னான். அகத்தா எழுதினாள். முப்பத்தாறு பெயர்கள். அடுத்த தாள் அதுதான் என்று யாரும் சொல்லித் தீர்மானிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் பேருக்கு எந்தெந்த எழுத்து வேணும்?" என்று மருதம்மாள் கேட்டாள்.

கலியாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. அகத்தா தாளில் எழுதிக் காட்டினாள். அய்யாவு.

"இதுல எது புதுசு?"

"அ-வும் ய்-யும். மத்ததெல்லாம் இருக்கு."

சின்னையா இடது கையால் கரித்துண்டைப் பிடித்து, கொய்யாக் கட்டையில் 'அ'வை இடவலம் மாற்றி வரைந்து கொடுத்தார். கோடு நடுங்கியது. பாதத்தைச் சிறிதாக வைத்தார். மருதம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் விழும்படி வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, உளியை எடுத்தாள்.