நீர்க்கடுப்பு

மாடுகளை அவிழ்த்து விட்டபின், நுகத்தடி தரையில் இடிக்காதபடி பக்கத்து வீட்டு அம்மாசி தோளில் தாங்கி மெல்ல இறக்கினான். அப்படியும் வண்டி குலுங்கியது. உள்ளே வைக்கோல்மேல் கிடந்த பச்சையம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

"இதுக்கு மேல வண்டி போவாதுக்கா."

ராஜாம்பாள் தலையை நீட்டிப் பார்த்தாள். ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு புளியமரம் கிடந்தது. இலைகள் இன்னும் வாடவில்லை. அதற்கப்பால் இன்னொன்று. கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் இப்படித்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். பஸ்ஸும் இல்லை, லாரியும் இல்லை. மறியலுக்குப் போன அவள் மகன் அரங்கநாதனை முதல் நாளே போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. எந்த ஜெயில் என்றுகூடத் தெரியாது. அவன் பெண்டாட்டி ஏழு மாத வயிற்றோடு இங்கே பல் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தாள்.

மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி வந்தார்கள்.

"வண்டியத் திருப்பு. எவனும் போவக் கூடாது."

"வவுத்துப் புள்ளக்காரிய்யா." ராஜாம்பாள் கை கூப்பினாள். "குளிர் ஜொரம். பேச்சு கொழறுது."

மீசை நரைத்த ஒருவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "டேய், இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? மோட்டார் கொட்டாயிலருந்து கட்டில எடுத்தாங்கடா!"

கயிற்றுக் கட்டிலோடு அவளைத் தூக்கிக் கிளைகளுக்கு நடுவே கால் வைத்து மரத்தைத் தாண்டினார்கள். அம்மாசி மாடுகளை அங்கேயே விட்டுவிட்டு கட்டிலின் ஒரு காலுக்குத் தோள் கொடுத்தான். அடுத்த ஊர் எல்லையில் வேறு ஆட்கள், வேறு மரம். முதலில் அதட்டினார்கள், பிறகு கட்டிலை வாங்கிக்கொண்டார்கள். வழியை மறித்தவர்களே அவளைச் சுமந்துகொண்டு ஓடினார்கள். ராஜாம்பாள் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி பின்னால் ஓடினாள். மரங்கள் முடிகிற பாடாக இல்லை.

கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பச்சையம்மாள் கண் விழித்தாள். "அத்தே... ஒண்ணுக்கு வருது," என்றாள், மாமியாருக்கு மட்டும் கேட்கும்படி.

"கொஞ்சம் எறக்குங்கப்பா."

யாரும் சொல்லாமலே ஆண்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். ராஜாம்பாள் அவளைக் கரும்போரம் உட்கார வைத்து முந்தானையை விரித்து மறைத்தாள். பச்சையம்மாள் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். உடம்பு முழுவதும் முறுக்கிக்கொண்டது. சில சொட்டுகள்தான் விழுந்தன, செம்மண் கரைத்த நிறத்தில்.

"ஆம்பளைங்க பாக்குறாங்களாத்தே?"

"யாரும் பாக்கலடி. நீ போ."

நீர்க்கடுப்பு என்று அவள் சொன்னது போன வாரம். சூடுதான் என்று ராஜாம்பாள் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள், மோர் கரைத்துக் கொடுத்தாள். நடுவில் வீடு வீடாகப் பார்த்துப் போகும் நர்ஸம்மா வந்தபோது, வாசலில் அம்மாசியும் இன்னும் இரண்டு பேரும் கலப்பைக்குக் கொழு மாட்டிக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா?" என்று நர்ஸம்மா உரக்கவே கேட்டாள். பச்சையம்மாள் தலை குனிந்து இல்லை என்று ஆட்டினாள். ராஜாம்பாள் வாசலில் இருந்த ஆண்களைப் பார்த்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இருந்தது ஓர் இளவயது டாக்டரம்மா. நாடி பார்த்தவள் உடனே ஊசி போட்டாள், பாட்டில் ஏற்றினாள். பச்சையம்மாளின் இடுப்புக்கு மேலே லேசாகத் தட்டினாள். பச்சையம்மாள் அலறினாள்.

"ஒண்ணுக்குப் போறப்ப கடுப்பு இருந்துச்சாம்மா?"

அறையில் அம்மாசி நின்றான், கட்டில் தூக்கி வந்தவர்களும் நின்றார்கள்.

"இருந்துச்சும்மா," என்றாள் ராஜாம்பாள். "நான் வெந்தயம் குடுத்தேன்."

"கிருமிம்மா. மூத்திரப் பையிலருந்து கிட்னிக்கு ஏறி ரத்தத்துல கலந்துடுச்சு. மாசமா இருக்கறப்ப சீக்கிரம் ஏறிடும். முன்னாடியே மாத்திரை..." அவள் குனிந்தாள். வயிற்றில் குழலை வைத்துக் காது கொடுத்தாள். இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் மாற்றினாள்.

"புள்ள?" என்றாள் ராஜாம்பாள்.

டாக்டரம்மா குழலை மேசைமேல் வைத்தாள். "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ரோடு இருந்தா..."

"நாங்க தூக்கிக்கினு போறோம்மா," என்றான் அம்மாசி. அவன் தோளில் கட்டில் கால் அழுத்திய இடம் தோல் உரிந்திருந்தது. "எம்மாந் தூரம்னாலும் தூக்கிக்கினு போறோம்."

"அவங்க தாங்க மாட்டாங்க ஐயா."

மத்தியானத்துக்கு மேல் நடுக்கம் நின்றது. ராஜாம்பாளுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. கையைத் தொட்டாள், சில்லென்றிருந்தது. பாட்டில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"அத்தே." பச்சையம்மாளின் கண்கள் யாரையோ தேடின. "நர்ஸம்மா வந்திருக்காங்களா?"

"ஆமாம்மா."

"எரியுதுன்னு சொல்லிடு அத்தே. எனக்கு வெக்கமா கீது. நீ சொல்லிடு."

"சொல்லிட்டேம்மா. எல்லாம் சொல்லிட்டேன்."

பச்சையம்மாள் நிம்மதியானதுபோல் தலையைச் சாய்த்தாள். டாக்டரம்மா வந்து ராஜாம்பாளின் விரல்களைப் பிரித்து அந்தக் கையை எடுத்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

அதே கட்டிலில், அதே வழியாகத் திரும்பினார்கள். ஒவ்வொரு மரத்தினருகிலும் ஆட்கள் தோள் துண்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றார்கள். மறுநாள் புதைத்தார்கள். அரங்கநாதனுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. காரியம் எல்லாம் முடிந்த பிறகே அவன் வந்தான். தாயிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாசியோடு போய்க் கல் ஏற்றி வந்து, வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் நின்ற ரோட்டோரத்தில் சுமைதாங்கி நட்டான். வயிற்றுச் சுமையோடு போனவளுக்கு அப்படிச் செய்வது வழக்கம்.

ராஜாம்பாள் பொங்கல் வரைக்கும் அந்தப் பக்கம் போகவில்லை. போனபோது, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஒருத்தி தலையிலிருந்த துடைப்பப்புல் கட்டை அந்தக் கல்லின்மேல் தள்ளிவிட்டுக் கழுத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"தூக்கி வுடட்டுமா?" என்று ராஜாம்பாள் கிட்டே போனாள்.

"வேணாம்மா. இதுல வெச்சா தனியாவே தூக்கிக்கலாம். யாரு வெச்சதோ, புண்ணியவானுங்க."

"எங்க வூட்டுப் பொண்ணுது."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். பிறகு குனிந்து, கட்டைத் தலைக்கு வாங்கிக்கொண்டு நடந்தாள். கல்லின்மேல் புல் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. ராஜாம்பாள் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.